வீட்டுக் கண்டிஷனர்: ஆளிவிதை முதலிடம், வாழைப்பழம் கடைசி

சுருட்டை முடிக்கும் வறண்ட முடிக்கும் வீட்டிலேயே கண்டிஷனர் செய்யச் சொல்லும் குறிப்புகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் சறுக்குகின்றன. அரைத்ததை அப்படியே எடுத்துத் தலையில் அப்பச் சொல்கின்றன. முடிக்கு வேண்டியது அந்தப் பொருளில் இருக்கும் கொழகொழப்பு மட்டும்தான், சக்கை அல்ல. சக்கை சுருளுக்குள் போய் உட்கார்ந்து காய்ந்துவிட்டால், சிக்கெடுக்கப் போட்டதே சிக்காகிவிடும். அதனால் இங்கே ஒவ்வொன்றையும் இரண்டு கேள்விகளால் எடைபோட்டிருக்கிறோம்: எவ்வளவு வழுக்கல் தருகிறது? எவ்வளவு சுத்தமாக வடிகிறது?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடைக் கண்டிஷனரில் நேர்மின்னேற்றம் கொண்ட பொருட்கள் இருக்கும். முடியின் மேற்பரப்பு, அதிலும் சேதமான முடி, எதிர்மின்னேற்றம் கொண்டது. அதனால் அலசிய பிறகும் அவை முடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். செடியின் கொழகொழப்புக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. அலசினால் பெரும்பகுதி போய்விடும். சிக்கெடுக்கும் நேரத்து வழுக்கலுக்கு அது போதும். அலசாமல் விட்டால் மெல்லிய படலமாகக் காய்ந்து சுருளைக் கலையாமல் வைத்திருக்கும். பிளந்த நுனியை மட்டும் எதுவும் ஒட்டவைக்காது, வெட்டத்தான் வேண்டும்.

ஆளிவிதை ஜெல்தான் இவற்றில் சிறந்தது. வறுக்காத முழு விதையாக வாங்குங்கள். பொடி வேண்டாம், அது வடியாது. கால் கப் விதைக்கு, அதாவது சுமார் 40 கிராமுக்கு, அரை லிட்டர் தண்ணீர். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் கரண்டியிலிருந்து தண்ணீராகவே ஒழுகும். பிறகு வெண்ணிற நுரை கட்டும். ஏழெட்டு நிமிடத்தில் கரண்டியைத் தூக்கினால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி ஓர் இழை நீண்டு தொங்கி, அறுந்ததும் மேலே சுருண்டுகொள்ளும். அடுப்பை அணைக்க வேண்டிய நொடி அதுதான். ‘இன்னும் கொஞ்சம் கெட்டியாகட்டும்’ என்று விட்டால் ஆறும்போது விதையும் ஜெல்லும் ஒரே கட்டியாகிவிடும்; பிறகு எந்தத் துணியிலும் இறங்காது. அப்படி ஆகிவிட்டால் அரை கப் வெந்நீர் ஊற்றி இரண்டு நிமிடம் சூடாக்கினால் இளகும். சூட்டோடு சூடாகக் கம்பிவலை வடிகட்டியில் ஊற்றி, கரண்டியால் அழுத்தி இறக்குங்கள்.

போடுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. தலைக்குக் குளித்ததும் தண்ணீர் சொட்டும் முடியிலேயே போட வேண்டும். துவட்டிய பிறகு போட்டால் சீராகப் பரவாது. தோள் வரை முடிக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். நான்கு பகுதியாகப் பிரித்துத் தடவி, நுனியிலிருந்து மேல்நோக்கிக் கையால் கசக்கிவிட்டு, காயும் வரை தொடாதீர்கள். காய்ந்ததும் மொறமொறவென்று நிற்கும். உள்ளங்கையில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தேய்த்து மறுபடி கசக்கினால் அந்த விறைப்பு போய்ச் சுருள் மட்டும் நிற்கும். வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் ஒன்று அளவு கூடிவிட்டது, இல்லையேல் ஜெல்லுக்கு முன் முடியில் போட்ட க்ரீமோடு ஒத்துப்போகவில்லை. இரண்டையும் உள்ளங்கையில் கலந்து பார்த்தாலே தெரியும். திரிந்தால் தலையிலும் திரியும்.

இரண்டாமிடம் செம்பருத்தி இலைக்கு. பூவில் இல்லாத அளவு கொழகொழப்பு இலையில் இருக்கிறது, வெண்டைக்காய்க் குடும்பம்தானே. 25 இலைகளை அலசி ஒரு டம்ளர் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவிட்டு, கையால் கசக்கிப் பிழியுங்கள். மிக்ஸியில் போடாதீர்கள், நார் துகளாகிவிடும். கசக்கக் கசக்கத் தண்ணீர் கனத்து, விரலிடுக்கில் பச்சையாக வழுக்கிக்கொண்டு வரும். இருமுறை துணியில் வடிகட்டுங்கள். லேசாக எண்ணெயும் எடுத்துவிடும் என்பதால், எண்ணெய் தேய்த்த தலைக்கு வேறெதையும்விட இது பொருந்தும். கேரளத்தில் தாளி என்று இதைத்தான் சீயக்காய்க்குப் பதில் தேய்ப்பார்கள். அன்றன்றைக்குச் செய்து அன்றே தீர்க்க வேண்டும்.

வெந்தயம் பாதி வெற்றி. ஆளிவிதையின் பசை தோலில் இருப்பதால் முழு விதையைக் கொதிக்கவிட்டாலே வந்துவிடும். வெந்தயத்துப் பசையோ விதைக்குள்ளே இருக்கிறது, அரைத்தே ஆக வேண்டும். இரண்டு மேசைக்கரண்டியை ஒன்றரைக் கப் தண்ணீரில் எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரோடு நைசாக அரைத்து, மெல்லிய வேட்டித் துணியில் முறுக்கிப் பிழியுங்கள். பிழியாமல் தடவினால் அந்த மஞ்சள் துகளைச் சுருட்டை முடியிலிருந்து எடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். வாசனை இரண்டு நாள் நிற்கும், வியர்த்தால் இன்னும் தூக்கலாகத் தெரியும். கடலை வகைகள் ஒவ்வாதவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. மற்றவர்களும் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

சோற்றுக்கற்றாழையை வெட்டியதும் வெட்டுவாய் கீழே இருக்கும்படி பதினைந்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். வடியும் மஞ்சள் பால் தலையில் அரிப்பை உண்டாக்கலாம். உள்ளிருக்கும் சதையை அலசி, மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு வடிகட்டலாம். தனியாகப் போட்டால் வறண்ட முடி இன்னும் இறுகும். நாலு மேசைக்கரண்டிக்கு ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் சேர்த்தால் சரியாகும்.

தேங்காய்ப்பாலைப் பலரும் குளித்த பிறகு போடுகிறார்கள். அது தவறு; முடியில் தங்கும் கொழுப்பு மறுநாளே சிக்கு வாடை அடிக்கும். அரை மூடித் தேங்காயின் முதல் பாலைக் குளிப்பதற்கு அரை மணி முன்பு தடவி, பிறகு ஷாம்பூவோ சீயக்காயோ போடுங்கள். தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவி, அலசும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது. சூரியகாந்தி எண்ணெயும் மினரல் எண்ணெயும் அப்படிச் செய்யவில்லை என்று 2003இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

வடிகஞ்சி சீயக்காய் கரைக்க அருமையானது. அலசாமல் விட்டால் பருத்திச் சேலைக்குக் கஞ்சி போட்ட கதைதான்: விறைத்து நிற்கும், வறண்ட முடி ஒடியும். வாழைப்பழத்தைப் பரிந்துரைக்கவே மாட்டோம். எவ்வளவு மசித்தாலும் நார் மிஞ்சும், கழுவக் கழுவ வந்துகொண்டே இருக்கும். முட்டை போடுவதானால் பச்சைத் தண்ணீரில் மட்டும் அலசுங்கள், வெந்நீர் பட்டால் தலையிலேயே வெந்துவிடும். ஆப்பசோடா காரத்தன்மை உடையது, முடியின் செதில்களைத் தூக்கிவிடும். வறண்ட முடிக்கு அதைத் தொடவே வேண்டாம்.

போர் தண்ணீரில் குளிப்பவர்களுக்கு எதைப் போட்டாலும் முடி சொரசொரப்பாகவே இருந்தால், குறை கண்டிஷனரில் இல்லை, தண்ணீரின் உப்பில் இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து, கண்ணில் படாமல் கடைசியாக ஊற்றி, பிறகு வெறும் தண்ணீரில் ஒருமுறை அலசிப் பாருங்கள்.

இவை எதிலும் கெடாமல் காக்கும் மருந்து கிடையாது. வாசனை எண்ணெய் நாலு சொட்டு விட்டால் கெடாது என்பதை நம்பாதீர்கள். ஆளிவிதை ஜெல் ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். ஐஸ் தட்டில் உறையவைத்தால் வேண்டும்போது ஒவ்வொரு கட்டியாக எடுத்துக்கொள்ளலாம். புளித்த வாடை வந்தாலோ, கரண்டியில் இழை விழாமல் தண்ணீராக ஓடினாலோ, வாரம் முடியாவிட்டாலும் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சுங்கள்.