ஆறு வருடமாக ஒரு லானோடு

வீட்டு முன்னால் நாற்பது சதுர மீட்டர் லான். போட்டு ஆறு வருடம் ஆகிறது. அதில் முதல் இரண்டு வருடம் நான் புல்லை வளர்க்கவில்லை, தொந்தரவுதான் செய்துகொண்டிருந்தேன்.

தினமும் சாயங்காலம் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் தெளிப்பேன். எனக்குச் சுகமாக இருந்தது, புல்லுக்கு இல்லை. மேல்மண் மட்டும் நனைந்ததால் வேர் ஆழத்துக்குப் போகவே இல்லை. இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தால் வாடிவிடும். இலை ராத்திரி முழுக்க ஈரமாகவே கிடந்ததில் வட்ட வட்டமாகப் பூஞ்சை வேறு.

இப்போது வாரத்துக்கு இரண்டே தடவை, விடியற்காலையில், வேர் வரை இறங்கும்படி. வெயில் காலத்தில் வாரத்துக்கு மொத்தம் 25 மி.மீ. போதும். ஸ்பிரிங்க்ளரை எவ்வளவு நேரம் ஓடவிடுவது என்று பார்க்க, ஒரே மாதிரி நாலு டப்பாவை லானில் அங்கங்கே வைத்தேன். அரை மணியில் மூன்று டப்பாவில் 12 மி.மீ. தண்ணீர். சுவரோரம் வைத்ததில் 5 கூட இல்லை! அந்த மூலை ஏன் எப்போதும் பழுப்பாகவே இருக்கிறது என்று ஒரு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டு, உரமெல்லாம் போட்டுப் பார்த்திருந்தேன். என் லானுக்கு 25 மி.மீ. என்றால் 1,000 லிட்டர். கணக்குப் போட்ட அன்றிலிருந்து மழை பெய்த வாரத்தில் குழாயைத் தொடுவதில்லை. சந்தேகம் வந்தால் புல்லை மிதித்துப் பார்ப்பேன். கால்தடம் எழும்பாமல் அப்படியே கிடந்தால் தாகம் என்று அர்த்தம்.

வெட்டுவதற்கு, கையால் தள்ளும் உருளை மெஷின். சத்தமில்லை, பெட்ரோல் இல்லை, ஆறு வருடமும் அதேதான். குறையும் உண்டு: பத்து நாள் விட்டுவிட்டால் உயர்ந்த புல்லை வெட்டாது, மடக்கிப் படுக்க வைத்துவிட்டுப் போகும். சின்னக் குச்சி மாட்டினாலும் நின்றுவிடும். பிளேடு மழுங்கியதைப் புல்லே சொல்லிவிடும். வெட்டிய மறுநாள் குனிந்து பார்த்தால் நுனி நார் நாராகக் கிழிந்து வெளுத்திருக்கும்; தூரத்திலிருந்து லான் முழுக்கச் சாம்பல் பூசினாற்போல் தெரியும்.

ஒரு தடவை ஊருக்குப் போகும் அவசரத்தில், திரும்பி வரும்வரை தாங்கட்டும் என்று ஒட்ட வெட்டிவிட்டேன். வந்து பார்த்தால் மஞ்சள் தண்டுதான் மிச்சம், நடுவில் வெயில் கிடைத்த களை எல்லாம் குஷியாக முளைத்திருந்தது. தேற ஒன்றரை மாதம் ஆனது. அப்புறம் எப்போதும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டுவதில்லை. வெட்டிய துணுக்கை அள்ளுவதும் இல்லை. அதிலுள்ள நைட்ரஜன் மண்ணுக்கே திரும்புகிறது, உரச் செலவும் குறைகிறது.

உரம் என்றதும் யூரியா ஞாபகம் வருகிறது. அதில் 46 சதவீதம் நைட்ரஜன். ஈரப் புல்லில் கையால் வீசினேன், விழுந்த இடமெல்லாம் தீய்ந்து கோடு கோடாக நின்றது. இப்போது மெதுவாகக் கரையும் உரம், அதுவும் புல் வேகமாக வளரும் காலத்தில் மட்டும். அதே காலத்தில் வருடம் ஒரு முறை, நாலு பல் மண்கிளறியால் தரை முழுக்கக் குத்தி ஓட்டை போட்டு, சலித்த கம்போஸ்டை மெல்லிசாகத் தூவுகிறேன். முதுகு போகும் வேலை, ஆனால் இந்த ஆறு வருடத்தில் அதிகப் பலன் தந்தது இதுதான்.

மழைக்காலத்தில் கோரை வரும். இழுத்தால் இலைதான் கையோடு வரும், கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். தோண்டித்தான் எடுக்க வேண்டும். குளிர் அதிகமானால் என்னுடைய அருகம்புல் வகை வளர்வதை நிறுத்திப் பழுப்பாகிவிடும். முதல் தடவை செத்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீரும் உரமுமாகக் கொட்டினேன். சும்மா விட்டால் சூடு வந்ததும் தானே துளிர்க்கிறது.

மரத்தடியில் மட்டும் மூன்று தடவை புல் பதித்தும் பிடிக்கவில்லை. அருகம்புல்லுக்கு நிழல் ஆகாது. நாலாவது தடவை ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டுவிட்டேன்.