காவேரிப்பட்டணத்திலிருந்து கிளம்ப நினைப்பவளுக்கு: ஓசூரா, பெங்களூரா, சென்னையா?

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணம்தான் எங்கள் ஊர். என் சித்தி மகளுக்கு இருபத்து நான்கு வயது. நர்சிங் முடித்துவிட்டு தர்மபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். போன மாதம் நான் களி கிண்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, நான் எங்கயாவது போயிடணும். எந்த ஊருன்னு நீயே சொல்லு" என்றாள்.

சம்பளத்துக்காக அவள் கேட்கவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் போனில் யார் என்று தம்பி கேட்கிறான். பணி முடிந்து அரை மணி நேரம் தாமதமாக வந்தால் சித்தப்பா வாசலில் நிற்கிறார். அவளுக்குப் பிடித்த ஒருவன் இருக்கிறான், வேறு சாதி. எங்கள் மாவட்டங்களில் இது சின்ன விஷயமில்லை. 2012 நவம்பரில் தர்மபுரி நாயக்கன்கொட்டாய் பக்கம் ஒரு கலப்புத் திருமணத்தைச் சாக்காக வைத்து நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் வீடுகளைக் கொளுத்தினார்கள். அப்போது நான் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த புதிது. அந்த வாரம் அப்பா மூன்று முறை போன் செய்து, கூட வேலை செய்யும் பையன்களோடு பேசாதே என்றார். அவர் குரலில் இருந்தது கோபமில்லை, பயம்.

ஓசூரில் இரண்டு வருஷம், பெங்களூரில் நாலு வருஷம், சென்னையில் நாலு வருஷம் இருந்துவிட்டு, அம்மாவுக்கு முடியாமல் போனபின் ஊருக்குத் திரும்பினேன். இப்போது மாங்கூழ் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். வேலை வாய்ப்பு, வாடகை பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். தனியாகக் கிளம்பும் ஒரு பெண் எந்த ஊரில் தன் இஷ்டப்படி மூச்சு விடலாம் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் போகவும் குடியிருக்கவும் அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு உரிமை தருகிறது. போய்ச் சேர்ந்தபின் கதவின் சாவி யார் கையில் இருக்கும் என்பது ஊருக்கு ஊர் மாறும்.

முதலில் ஓசூர். வீட்டில் சண்டை இல்லாமல் அனுமதி கிடைக்கும் ஒரே ஊர் அதுதான். கிருஷ்ணகிரியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரம் சொச்சம். அதே மாவட்டம். தொழிற்சாலைகள் நிறைய, பெண்களுக்கு வேலை கிடைத்துக்கொண்டே இருக்கிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து பேசும் ஊர் என்பதால் புதிதாக வருபவரை யாரும் வேற்றாளாகப் பார்ப்பதில்லை.

ஆனால் அருகில் இருப்பதே ஓசூரின் குறை. நான் தங்கிய விடுதியில் ஞாயிற்றுக்கிழமை வெளியே போக வேண்டுமென்றால் வார்டன் அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்பார். எனக்கு அப்போது இருபத்தொரு வயது, என் சம்பளத்தில் என் வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பஸ் நிலையத்தில் கூட வேலை செய்த ஒருவரோடு டீ குடித்தேன். மாமா முறையாகும் ஒருவர் அதைப் பார்த்திருக்கிறார். நான் விடுதிக்குத் திரும்புவதற்குள் காவேரிப்பட்டணத்தில் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஓசூரில் சம்பாதிக்கலாம், சேமிக்கலாம். ஊரின் கண் மட்டும் கூடவே வரும்.

அடுத்தது பெங்களூர். எங்கள் பக்கத்துப் பெண்கள் சுதந்திரம் என்றதும் நினைப்பது இந்த ஊரைத்தான், அதில் நியாயம் இருக்கிறது. பொம்மனஹள்ளியில் ஒரு ஆயத்த ஆடை நிறுவனத்தில் கணக்கு வேலை கிடைத்ததும், இன்னும் இரண்டு பெண்களோடு ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்தேன். முதல் நாள் ராத்திரி பத்து மணிக்குக் கீழே இறங்கிப்போய் இட்லி வாங்கி வந்தேன். எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. அந்த இட்லியை நான் மறக்க மாட்டேன்.

பெங்களூரில் இன்னொரு நிம்மதி உண்டு. சாதி அங்கே உடனே பிடிபடாது. கன்னடம் பேசும் வீட்டுக்காரருக்கு காவேரிப்பட்டணம் எங்கே இருக்கிறது, எந்தத் தெருவில் யார் இருப்பார்கள் என்பதெல்லாம் தெரியாது. சைவமா அசைவமா என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னாலும் அதே விஷயம்தான் இருக்கிறது என்றாலும், பதில் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்துவிடலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு முன்பணம் என்று அப்போது பத்து மாத வாடகையைக் கேட்டார்கள். அந்தப் பணத்துக்கு நான் அப்பாவிடம்தான் போய் நிற்க வேண்டியிருந்தது. பணம் தருபவர், வீட்டுக்குள் யார் வரலாம் என்பதையும் சொல்வார். மொழி இன்னொன்று. காய்கறி வாங்கும் அளவுக்குக் கன்னடம் மூன்று மாதத்தில் வந்துவிடும். போலீஸ் நிலையத்தில் உட்கார்ந்து புகார் எழுதித் தரும் கன்னடம் எனக்கு நாலு வருஷத்திலும் வரவில்லை. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் தமிழ்நாட்டு எண் போட்ட பஸ்களும் லாரிகளும் அங்கே எரிந்தபோது, நாங்கள் மூவரும் வாசலில் தமிழ் பேசாமல் இரண்டு நாள் இருந்தோம். அப்புறம் அத்திப்பள்ளி வரை வந்து, எல்லை தாண்டி ஜூஜூவாடிக்கு நடந்து, அங்கே பஸ் ஏறினேன். எல்லா நாளும் அப்படி இல்லை. அந்தத் தெருவில் என்னை அன்பாகப் பார்த்துக்கொண்டவர்கள் கன்னடக்காரர்கள்தான். ஆனாலும் தனியாக இருக்கும் பெண் அப்படிப்பட்ட இரண்டு நாட்களையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இப்போது போக்குவரத்து நன்றாகிவிட்டது. 2025 ஆகஸ்டிலிருந்து மெட்ரோ மஞ்சள் பாதை பொம்மசந்திரா வரை வந்திருக்கிறது. 2023 ஜூன் முதல் கர்நாடக அரசுப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். நம் அட்டையில் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று இருந்தால் டிக்கெட் எடுக்க வேண்டியதுதான். நர்ஸ் வேலைக்கும் அப்படியே. தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிந்தவள், கர்நாடக கவுன்சிலில் மறுபடி பதிய வேண்டும்.

சென்னைக்கு நான் விருப்பமில்லாமல்தான் போனேன். வெயில், புழுக்கம், தண்ணீர் லாரி. குரோம்பேட்டையில் வீடு தேடியபோது புரோக்கர் கேட்ட முதல் கேள்வி "நீங்க என்ன ஆளுங்க?" என்பதுதான். கிருஷ்ணகிரி மாவட்டம் என்று சொன்னதும் ஒரு கணக்குப் போட்டார். ஒரே மொழி பேசுவதன் விலை அது. பெங்களூரில் மறைந்திருந்தது இங்கே வாயைத் திறந்ததும் தெரிந்துவிடுகிறது. ஏழாவது வீட்டில்தான் அந்தக் கேள்வி இல்லாமல் சாவி கொடுத்தார்கள்.

இருந்தும் என் தங்கைக்கு நான் சென்னையைத்தான் சொல்கிறேன். காரணம் அவளுடைய கல்யாணம்.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியூர் போய் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்துப் பல பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி கல்யாணம் செய்ய, இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் முப்பது நாள் தங்கியிருக்க வேண்டும். அதன்பின் விண்ணப்பத்தை அலுவலகப் பலகையில் ஒட்டி, ஆட்சேபம் வருகிறதா என்று முப்பது நாள் காத்திருப்பார்கள். நிரந்தர வீடு வேறு மாவட்டத்தில் இருந்தால், அறிவிப்பின் நகல் அந்த மாவட்ட அலுவலகத்துக்கும் போகும், அங்கேயும் ஒட்டுவார்கள். பெங்களூரில் கொடுத்த மனு கிருஷ்ணகிரிப் பலகையில் வந்து நிற்கும். பலகையைப் பார்த்து வீட்டுக்குச் சொல்ல ஒரு ஆள் போதும்.

தமிழ்நாட்டில் இன்னொரு வழி இருக்கிறது. அண்ணா முதல்வராக இருந்தபோது, 1967-இல், இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். சுயமரியாதைத் திருமணத்துக்கான பிரிவு அது. புரோகிதர் வேண்டாம், சடங்கு வேண்டாம். நண்பர்கள் முன்னால் ஒருவரை ஒருவர் துணையாக ஏற்றுக்கொண்டதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால், அல்லது தாலி கட்டினால் போதும். இருவரும் இந்துக்களாக இருக்க வேண்டும், சாதி எதுவானாலும் பரவாயில்லை. முப்பது நாள் நோட்டீஸ் கிடையாது. ஊரறிய அறிவித்துத்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன்பின் தொண்ணூறு நாளுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். இந்தப் பிரிவு கர்நாடகத்தில் இல்லை. மாநில எல்லையைத் தாண்டி அந்தப் பக்கம் போனதும் கைவிட்டுப் போகிற ஒரு உரிமை இது. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அது தெரியாது.

இதே வழி ஓசூரிலும் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் கல்யாணத்துக்கு அடுத்த நாள் என்ன ஆகும்? "பெண்ணைக் காணவில்லை" என்று வீட்டார் புகார் கொடுப்பார்கள். வயது வந்த இருவர் கல்யாணம் செய்துகொள்வதில் பஞ்சாயத்தோ சாதிச் சங்கமோ தலையிடுவது சட்டவிரோதம் என்றும், இப்படிப்பட்டவர்களுக்கு மாவட்டம்தோறும் பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும் என்றும் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேச, உறவுக்காரர்கள் கூட்டமாக வந்து நிற்க முடியாத ஒரு காவல் நிலையம் வேண்டும். சென்னையில் அது இருக்கிறது. உயர் நீதிமன்றமும் அங்கேயே. எதிரில் இருப்பவரிடம் அவள் தன் சொந்த வார்த்தையில் "நான் விருப்பப்பட்டு வந்தேன்" என்று சொல்லலாம். மொழிபெயர்த்துச் சொல்ல இன்னொருவர் தேவையில்லை.

அன்றாட விஷயத்திலும் சென்னை எனக்குப் பிடித்துப்போனது. புறநகர் ரயிலில் ராத்திரி பதினொரு மணிக்கும் பெண்கள் பெட்டியில் பூக்கட்டும் அம்மாக்களும் கல்லூரிப் பெண்களும் இருப்பார்கள். 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், எந்த ஊர் அட்டையையும் காட்ட வேண்டாம். முன்பணத்துக்கும் ஒரு பிடிமானம் உண்டு. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வேறுவிதமாக ஒப்பந்தம் போடாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஒப்பந்தத்தில் வேறு எண்ணை எழுதிக் கையெழுத்துக் கேட்பார்கள், அதனால் படித்துப் பார்க்காமல் போடக் கூடாது. வீடு கிடைக்கும் வரை அரசு நடத்தும் தோழி விடுதியில் தங்கலாம், தாம்பரத்தில் ஒன்று இருக்கிறது.

கோயம்புத்தூரையும் அவள் கேட்டாள். தர்மபுரியில் ரயில் ஏறினால் நேராகப் போகலாம், ஊரும் பாந்தமான ஊர். ஆனால் மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரில் மூன்று வருஷம் விடுதியில் அடைத்துவைத்து, கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம் என்று சொல்லி எங்கள் பக்கத்துப் பெண்களைக் கூட்டிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். நர்ஸ் வேலை வேறு என்றாலும், விடுதியோடு சேர்த்துத் தரும் வேலை எதுவானாலும் எனக்குத் தயக்கம்தான்.

வெளிநாடு? சிங்கப்பூர் ராத்திரி இரண்டு மணிக்கும் தனியாக நடக்கக்கூடிய ஊர், தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. ஆனால் வொர்க் பெர்மிட்டில் போகிறவர் அந்நாட்டுக் குடிமகனையோ நிரந்தரவாசியையோ கல்யாணம் செய்ய அரசின் அனுமதி வாங்க வேண்டும், வேலை போனால் திரும்ப வேண்டும். வளைகுடாவில் விசாவே முதலாளியோடு கட்டப்பட்டது. சம்பளத்துக்கு அங்கே போகலாம். அப்படிப் போவதானால் சென்னையில் இருக்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வழியாகப் போகட்டும், தெரு ஏஜென்ட் வேண்டாம்.

பெங்களூர் யாருக்குச் சரி? கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணமும், அங்கே ஏற்கெனவே ஒரு தோழியும், கல்யாணத் தகராறு எதுவும் இல்லாத நிலையும் இருந்தால், நான் கண்ணை மூடிக்கொண்டு பெங்களூர் என்பேன். அந்தப் பத்து மணி இட்லியின் சுகம் சென்னையில் எனக்கு அதே அளவு கிடைக்கவில்லை. பண்டிகைக்கு வந்து போவதும் எளிது, நூறு கிலோமீட்டர்தான். சென்னையிலிருந்து ஊருக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லாததால் ஜோலார்பேட்டையில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். அம்மா விழுந்துவிட்டாள் என்று போன் வந்த ராத்திரி அந்தத் தூரம் எனக்கு எப்படி இருந்தது என்பதை இங்கே எழுத முடியவில்லை. தங்கையிடம் சொன்னேன், மறைக்கவில்லை.

எந்த ஊரானாலும் கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. அவளுடைய ஆதாரில் சித்தப்பாவின் போன் நம்பர் இருக்கிறது. வங்கிக் கணக்கிலும் அதே நம்பர். அவள் எங்கே பணம் எடுத்தாலும் குறுஞ்செய்தி அவர் போனுக்குத்தான் வரும், ஓடிபியும் அங்கேதான். சான்றிதழ்கள் அவர் பீரோவில் இருக்கின்றன. புதிய மருத்துவமனையில் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்றால் கொடுக்கவே கூடாது, நகல் மட்டும்தான். இதையெல்லாம் சரி செய்யாமல் எந்த ஊருக்குப் போனாலும், வீட்டார் கூப்பிட்டால் திரும்பி வரவேண்டிய தூரத்திலேயே அவள் இருப்பாள்.

அவளுக்குச் சென்னை சம்மதம். சித்தப்பாவிடம் வேலைக்குப் போகிறேன் என்று மட்டும் இப்போதைக்குச் சொல்லப்போகிறாள், அது உண்மையும்கூட. வரும் திங்கட்கிழமை இருவரும் விடுப்பு எடுத்திருக்கிறோம். காலையில் கிருஷ்ணகிரி போய் அவள் பெயரில் ஒரு சிம், அப்புறம் ஆதார் மையம், மத்தியானம் வங்கி.