லில்லிபாண்ட்-புக்: யூஸ் பண்ணிப் பார்த்தாச்சு
பியானோ கிளாஸ் பசங்களுக்கு நோட்ஸ் ரெடி பண்ண, இவ்ளோ நாளா ஸ்கோரை, அதாவது அஞ்சு கோட்டுல எழுதுற இசைக்குறிப்பை, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒட்டிட்டு இருந்தேன், பிரிண்ட் போட்டா அஞ்சு கோடும் மங்கிப்போய் ஒரே கறையா வரும். இப்போ லில்லிபாண்ட்-புக்தான், எழுத்தா அடிக்கிற இசையை ஸ்கோராக்குற லில்லிபாண்ட் சாஃப்ட்வேரோட சேர்ந்து வர்ற டூல். லேடெக் (கமாண்ட் அடிச்சு டாக்குமென்ட் தயார் பண்ற சாஃப்ட்வேர்) ஃபைலுக்கு நடுவுலயே ஸ்வரத்தை எழுத்தா அடிச்சுட்டு டெர்மினல்ல ஒரு கமாண்ட் விட்டா போதும், அதுவே ஸ்கோராக்கி பக்க அகலத்துக்கு ஏத்த மாதிரி வரியை உடைச்சு வெச்சிடுது, வெப் பேஜுக்கான எச்டிஎம்எல்லுக்கும் ஓடும், காசும் கிடையாது. மவுஸ்ல இழுத்து வெச்சே பழகினவங்களுக்கு முதல் வாரம் கடுப்பாகும். எஃப் ஷார்ப்புக்கு 'ஃபிஸ்'னு டச்சுப் பேர்ல அடிக்கணும், லில்லிபாண்டை உருவாக்கின ரெண்டு பேரும் நெதர்லாந்துக்காரங்களாச்சே! அவுட்புட்டுக்கு மறக்காம தனி ஃபோல்டர் குடுத்துடுங்க, நான் குடுக்காம விட்டு குட்டி குட்டி ஃபைலா குவிஞ்சு, என் ஒரிஜினலைத் தேடவே பத்து நிமிஷம் ஆச்சு. அப்புறம் லேடெக் ஃபைலை பிடிஎஃப்பா மாத்துற பிடிஎஃப்-லேடெக்கையும் அந்த ஃபோல்டருக்குள்ள போய்தான் ஓட்டணும்.