பழைய டைகர் டாங்க் ரீபெயின்ட்: அக்ரிலிக்கா, எனாமலா?

பரண்ல வருஷக்கணக்கா கிடந்த 1/35 அளவு (நிஜத்துல 35ல ஒரு பங்கு) டைகர் டாங்க் பிளாஸ்டிக் மாடலை எடுத்து தூசி தட்டி திரும்ப பெயின்ட் அடிக்கலாம்னு உக்காந்தா முதல்ல வர்ற குழப்பம், தண்ணில கலக்கற அக்ரிலிக் பெயின்ட்டா, ஒயிட் ஸ்பிரிட்ல கலக்கற எனாமல் பெயின்ட்டாங்கறதுதான். நான் ரெண்டுலயும் அடிச்சிருக்கேன், அதான் சொல்றேன்.

காயுற நேரம்
அக்ரிலிக்: அரை மணில தொடலாம்.
எனாமல்: ஒரு நாள் விடணும், அதுக்குள்ள தூசி ஒட்டிக்கும்.

பிடிப்பு
எனாமல்: பிளாஸ்டிக்கை கெட்டியா பிடிக்கும்.
அக்ரிலிக்: பிரைமர் (அடிப்பூச்சு) அடிக்கலேன்னா நகம் பட்டாலே உரியும்.

வாசனை
எனாமலுக்கு ஜன்னல் திறந்தே இருக்கணும், வீட்ல குழந்தை இருந்தா யோசிங்க.

வெதரிங் (அழுக்கு, பழசு லுக் கொண்டு வர்றது)
இங்கதான் விஷயமே இருக்கு. 1943ல இருந்து ஜெர்மன் டாங்குக்கு அடிச்ச அந்த டார்க் யெல்லோவை அக்ரிலிக்ல அடிச்சு நல்லா காயவிட்டு மேல பிரவுன் எனாமல் வாஷ் (ரொம்ப நீர்க்க கலக்கின பெயின்ட்) விட்டா போல்ட் தலை, வெல்டிங் கோடு எல்லாத்துலயும் அழகா தங்கும், மிச்சத்தை ஒயிட் ஸ்பிரிட் தொட்ட பிரஷ்ஷால துடைச்சாலும் அடியில இருக்கற கலர் கரையாது. அடியிலயும் எனாமல்னா அதே ஸ்பிரிட் அதையும் சேர்த்து இழுத்துட்டு வந்துடும், அப்போ நடுவுல பளபளப்பான வார்னிஷ் (gloss) கட்டாயம். அவசரப்பட்டு ஒரு டரெட்டையே (பீரங்கி இருக்கற சுழலும் மேல் பகுதி) நான் இப்படி நாசம் பண்ணிருக்கேன், இன்னும் மனசு ஆறல.

வீரர் பொம்மைங்க
யூனிஃபார்முக்கு அக்ரிலிக். முகத்துக்கு மெதுவா காயுற எனாமல், கன்னத்து நிழலை பொறுமையா கலக்கலாம்.

புதுசா ஆரம்பிக்கறவங்க, ஃப்ளாட்ல இருக்கறவங்க அக்ரிலிக்கே வாங்குங்க, எனாமல்ல ஒரே ஒரு வாஷ் பாட்டில் போதும். ஏர்பிரஷ் இல்லாம கையாலயே முழு டாங்கும் அடிக்கறவங்களுக்கு எனாமல், பிரஷ் கோடு தானா அடங்கிடும்.