ரஹானேயின் மெல்போர்ன், கோலியின் லார்ட்ஸ்

அடிபட்ட அணியை எழுப்ப எந்த மாதிரி கேப்டன் வேண்டும்? ஆர்ப்பரிப்பவரா, அமைதியானவரா? இந்திய கிரிக்கெட்டில் எட்டே மாத இடைவெளியில் இரண்டையும் பார்த்துவிட்டோம்.

2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான தொடரின் முதல் டெஸ்டில், அடிலெய்டில் இந்தியா 36 ரன்னுக்குச் சுருண்டது. முதல் குழந்தையின் பிறப்புக்காகக் கேப்டன் கோலி ஊர் திரும்பினார். கை முறிந்து வேகப்பந்து வீச்சாளர் ஷமியும் விலக, மெல்போர்னில் கேப்டன் பொறுப்பு துணை கேப்டன் ரஹானேயிடம் வந்தது. முதல் நாள் காலையிலேயே அஸ்வினிடம் பந்தைக் கொடுத்தார். ஆஸ்திரேலியாவின் ஸ்மித் ரன் எடுக்காமல், லெக் சைடில் நிறுத்தியிருந்த புஜாராவிடம் பிடிகொடுத்தார். பேட்டிங்கில் ரஹானே 112. ஜடேஜா தன் ஐம்பதாவது ரன்னுக்கு ஓடியதில் ரஹானே ரன் அவுட் ஆனார்; அப்போதும் ஜடேஜாவைத் தட்டிக்கொடுத்துவிட்டே வெளியேறினார். நூறு ரன்னைவிட அந்தத் தட்டல் பெரியது என்பேன். தன்னால் கேப்டன் விழுந்தார் என்ற குறுகுறுப்போடு ஜடேஜா மறுமுனையில் ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தியா எட்டு விக்கெட்டில் வென்றது.

2021 ஆகஸ்ட், இங்கிலாந்தின் லார்ட்ஸ் மைதானம். கடைசி நாளில் பந்துவீச்சாளர்களான ஷமியும் பும்ராவும் ஒன்பதாவது விக்கெட்டுக்குப் பிரியாமல் 89 ரன் சேர்த்தார்கள். பிறகு கோலி வீரர்களை வட்டமாக நிறுத்தி, அறுபது ஓவரும் எதிரணிக்கு நரகமாக இருக்க வேண்டும் என்றார். 52 ஓவர்கூடத் தேவைப்படவில்லை. இங்கிலாந்து 120 ரன்னுக்கு ஆல் அவுட்.

ஆனால் அடுத்த டெஸ்டிலேயே ஹெடிங்லியில் இந்தியா 78 ரன்னுக்குச் சுருண்டு இன்னிங்ஸ் தோல்வி கண்டது. கோலியின் நெருப்பு முன்னேறும் அணியை மேலும் முன்னே தள்ளும். அன்று சரிவைத் தடுக்கவில்லை. அதற்காக அவரால் மீட்க முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. அடுத்து ஓவலில் 157 ரன்னில் வென்றதும் அவர் தலைமையில்தான்.

தோல்விக்கு மறுவாரம் ஒரே ஒரு டெஸ்ட் என்றால் என் வாக்கு ரஹானேக்கு. அதே ஆஸ்திரேலியத் தொடரில், சிட்னியில் ரசிகர்கள் இந்தியப் பந்துவீச்சாளர் சிராஜை இனவெறியோடு ஏசியபோது, மைதானத்தை விட்டு வெளியேறாமல் ஆடுவோம் என்று நின்றவர் அவர். அடுத்த பிரிஸ்பேன் டெஸ்டில் அதே சிராஜ் ஒரே இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தார்.

ரஹானே ரசிகர்கள் ஒன்றை வசதியாக மறக்கிறார்கள். உடற்தகுதியில் விட்டுக்கொடுக்காத, வெளிநாட்டிலும் வெற்றிக்கே ஆடுகிற பழக்கத்தை அந்த அணிக்குள் ஊறவைத்தவர் கோலி. 2018-19இல் ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் தொடர் வெற்றியும் அவருடையது. ஐந்தாண்டுக்கு ஓர் அணியை ஒப்படைப்பதென்றால் நான் அவரைத்தான் அழைப்பேன்.