மூணு லிட்டர் குக்கரும் மியூனிக் கண்ணாடி அடுப்பும்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

ஜெர்மனிக்கு இன்டர்ன்ஷிப் கிளம்பும் நம்ம திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணே, குக்கர் கொண்டு போகவா?" கேஸ்கெட்டும் விசிலும் புதிதாக மாற்றின கையோடு அதற்கான பதிலை விரிவாகவே எழுதிவிடுகிறேன். டவுன் ரதவீதிப் பாத்திரக்கடைகளில் கிடைக்கும் சாதாரண மூணு லிட்டர் ஸ்டெயின்லெஸ் குக்கர்தான், வெளிமூடி, அடியில் தகடு வைத்தது. ஐ.எஸ்.ஐ. முத்திரை, சேஃப்டி வால்வு, கைப்பிடி எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. குக்கரில் ஒரு குறையும் இல்லை. தொந்தரவு முழுக்க அடுப்பால் வருகிறது.

அங்கே மாணவர் விடுதிகளில் கேஸ் அடுப்பு அபூர்வம். இருப்பவை மூன்று வகை: வார்ப்பிரும்புத் தட்டு வைத்த மின் அடுப்பு, கண்ணாடிப் பரப்புக்கு அடியில் கம்பிச்சுருள் சிவந்து எரிகிற செராமிக் அடுப்பு, இண்டக்ஷன். கண்ணாடி பார்த்ததும் இண்டக்ஷன் என்று நினைத்துவிடக் கூடாது. குமிழைத் திருப்பினதும் உள்ளே சிவப்பாகத் தெரிந்தால் அது செராமிக். இண்டக்ஷனில் குக்கர் சொன்ன பேச்சு கேட்கும், ஆனால் அடியில் காந்தம் ஒட்ட வேண்டும். வெறும் அலுமினியக் குக்கர் அதில் சூடாகவே ஆகாது. ஒன்றரை லிட்டர் போன்ற குட்டிக் குக்கரின் அடி சிறியதாக இருந்தால் சில அடுப்புகள் பாத்திரம் இருப்பதையே கண்டுகொள்ளாமல் அணைந்துவிடும்.

எரிச்சல் வருவது செராமிக் அடுப்பிலும் இரும்புத் தட்டிலும்தான். கேஸில் தீயைக் குறைத்தால் அந்த நொடியே சூடு குறையும். இங்கே குமிழை ஒன்பதிலிருந்து இரண்டுக்குத் திருப்பினாலும், பரப்பு தேக்கிவைத்த சூட்டைப் பல நிமிடம் விடாமல் குக்கருக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். அணைத்த பிறகும் விசில் மேல் விசில் வரும். ஒவ்வொரு விசிலுக்கும் தண்ணீர் ஆவியாகப் போகிறது, கூடவே கஞ்சி பொங்கி மூடியில் வழிந்து சூடான கண்ணாடியில் விழுந்து கருகி ஒட்டுகிறது. உள்ளே சோறு அடிப்பிடிக்கிறது. நாலு விசில் கணக்கு வைத்துச் சமைக்கிற நம் பழக்கம் இந்த அடுப்பில் செல்லாது. அந்த ஊர் பிரஷர் குக்கரில் விசில் சத்தமே இருக்காது. ஒரு ஸ்பிரிங் வால்வு மேலே எழும்பி, எத்தனை கோடு தெரிகிறதோ அவ்வளவு அழுத்தம் என்று காட்டும். ஆவி அதிகம் வெளியே போகாது. அந்த அடுப்புக்கு அது பொருந்துகிறது, நம்முடையது மல்லுக்கட்டுகிறது. இதைச் சொல்லாமல் மறைப்பது நியாயம் இல்லை.

வழி இருக்கிறது. அடுப்பில் இரண்டு வளையம் (சூடாகும் வட்டம்) பயன்படுத்துங்கள். ஒன்றை முழுச் சூட்டில் வைத்துக் குக்கரை ஏற்றுங்கள், விசிலைப் போடாதீர்கள். பக்கத்து வளையத்தை இரண்டிலோ மூன்றிலோ வைத்துக் காயவிடுங்கள். குழாயில் ஆவி சீராகப் பீய்ச்சத் தொடங்கியதும் விசிலைப் போட்டு, அது லேசாக ஆடத் தொடங்கும்போது குக்கரைத் தூக்கிச் சின்னச் சூட்டுக்கு மாற்றிவிடுங்கள். அங்கிருந்து நிமிடக் கணக்கு. பச்சரிசிக்கு ஐந்து, ஊறின புழுங்கலரிசிக்கு எட்டிலிருந்து பத்து, துவரம்பருப்புக்குப் பன்னிரண்டு. முடிந்ததும் அடுப்பை அணைத்தால் போதாது, குக்கரை வளையத்தை விட்டே இறக்கி மரப்பலகையில் வையுங்கள். தூக்கித்தான் மாற்ற வேண்டும், இழுக்கக் கூடாது. இழுத்தால் கண்ணாடியில் கீறல் விழும், அலுமினிய அடியாக இருந்தால் சாம்பல் கோடும் விழும், காலி செய்யும்போது முன்பணத்தில் கை வைப்பார்கள். சர்க்கரைப் பாகு சிந்தினால் இன்னும் மோசம். ஆறவிடாமல் சூட்டோடு பிளேடு ஸ்கிரேப்பரால் எடுக்காவிட்டால் கண்ணாடியே பெயர்ந்துவிடும். அல்வா கிண்டும் ஆசையை அந்த அடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது தலைக்கு மேலே இருக்கும் புகை அலாரம். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் படுக்கையறையிலும் நடைவழியிலும் அது கட்டாயம். ஒற்றை அறை வீட்டில் படுக்கையும் சமையலும் ஒரே இடம் என்பதால் அடுப்புக்கு மூன்றடி தள்ளி அது தொங்கும். விசிலின் ஆவித் திரளும் அதற்குப் புகைதான். சன்னலை முழுதாகத் திறந்து, குக்கரை அலாரத்தை விட்டுத் தள்ளி வையுங்கள். கடுகு, வத்தல் தாளிப்பை மூடி போட்டுச் சின்னச் சூட்டில் முடியுங்கள். அலாரத்தைப் பையால் மூடுவது மட்டும் கூடவே கூடாது. விடுதியில் அது தீயணைப்புத் துறையோடு இணைந்திருந்தால், ஆவிக்கு அது அடித்து, தேவையில்லாமல் வண்டி வந்ததற்கான செலவு உங்கள் தலையில் விழலாம். இரவு பத்து மணிக்கு மேல் அமைதி நேரம். விசில் சத்தம் சுவர் தாண்டும், சமையலை அதற்குள் முடித்துவிட வேண்டும்.

பருப்பு வேகவில்லை என்ற புகாருக்குக் காரணம் குக்கர் அல்ல, தண்ணீர். மியூனிக் குழாய்த் தண்ணீர் சுண்ணாம்பு நிறைந்த கடினநீர். குடிக்க அருமை. ஆனால் அதிலுள்ள கால்சியம் பருப்பின் தோலையும் சதையையும் இறுக்கிவிடுவதால், தாமிரபரணித் தண்ணீரில் குழைகிற துவரம்பருப்பு அங்கே முத்து முத்தாக நிற்கும். ஒரு மணி நேரம் ஊறவைத்து, கால் டம்ளர் பருப்புக்கு ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் குழையும். அதற்கு மேல் போட்டால் சோப்பு வாடை. உப்பும் புளியும் வெந்த பிறகு. குக்கருக்குள் படியும் வெள்ளைப் படலத்துக்கு மாதம் ஒரு முறை தண்ணீரில் வினிகர் கலந்து கொதிக்கவைத்தால் போதும்.

இவ்வளவு வசவுக்குப் பிறகும் இந்தக் குக்கரைக் கொண்டாட வைப்பது வெள்ளிக்கிழமைச் சமையல்தான். பவேரியாவில் கடைகள் இரவு எட்டுக்கு அடைத்துவிடும், ஞாயிறு முழுக்கத் திறக்காது. பெரிய ஸ்டேஷன்களில் இருக்கும் சில கடைகள்தான் கதி, அங்கே விலை கையைக் கடிக்கும். வெளியூர் சுற்றப் போகிறவர்களுக்குக் கட்டுச்சோறு இல்லாமல் கட்டுப்படி ஆகாது. வெள்ளி சாயங்காலம் உளுந்தஞ்சோறு: ஒரு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் உடைத்த கறுப்புளுந்தை வாசம் வர வறுத்து, பத்துப் பல் பூண்டு, அரை ஸ்பூன் வெந்தயம், சீரகம், கொஞ்சம் தேங்காய்த் துருவல், நாலு டம்ளர் தண்ணீர். உளுந்து நுரைக்கும் என்பதால் குக்கரில் பாதிக்கு மேல் ஏறக் கூடாது. தொட்டுக்க எள்ளுத் துவையல். இது அன்றைக்கு இரவுக்கு. மறுநாளைக்குப் புளிச்சோறு: சோற்றைத் தட்டில் பரப்பி நல்லெண்ணெய் விட்டு நன்றாக ஆறவைத்து, பிசைந்து, டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். சூட்டோடு மூடினால் வேர்த்து, மதியத்துக்குள் கெட்டுவிடும். சொதி ஞாயிறு இரவுக்கு. 400 மில்லி டின் தேங்காய்ப் பாலில் பாதியைத் தண்ணீர் விட்டு இரண்டாம் பாலாக்கிக் காய், பாசிப்பருப்போடு கொதிக்கவிட்டு, மீதியைக் கடைசியில் ஊற்றிக் கொதி வரும் முன் இறக்கினால் நம்ம வீட்டுச் சொதிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

பயணத்துக்கு டாய்ச்லாந்து டிக்கெட் ஒன்றே போதும். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. நாடு முழுக்க வட்டார ரயில், எஸ்-பான் என்கிற புறநகர் ரயில், மெட்ரோ, டிராம், டவுன் பஸ் எல்லாவற்றிலும் செல்லும். ஐ.சி.இ., ஐ.சி., இ.சி. விரைவு ரயில்களுக்குச் செல்லாது, தெரியாமல் ஏறினால் அபராதம். மியூனிக்கிலிருந்து ரேகன்ஸ்பர்க், கார்மிஷ், ஃப்யூசன் எல்லாம் இதிலேயே போகலாம். எல்லை தாண்டியிருக்கும் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் ஸ்டேஷன் வரைக்கும் வட்டார ரயிலில் செல்லும். அங்கே போகும்போது பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். டேகர்ன்ஸே ஏரிக்குப் போகிறவர்கள் ஏறும் பெட்டியின் பலகையைப் படியுங்கள். ரயில் ஹோல்ஸ்கிர்ஷனில் பிரிந்து வேறு வேறு ஊருக்குப் போகும். டிக்கெட் மாதச் சந்தா, அந்த மாதம் பத்தாம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பணம் எடுப்பார்கள். ஊர் திரும்பும் மாதத்தில் பலரும் கோட்டைவிடுவது இதைத்தான்.

பெட்டியில் குக்கர் கிட்டத்தட்ட இரண்டு கிலோ. உள்ளே பருப்புப் பொடி, வத்தல், வறுத்த உளுந்து எல்லாம் அடைத்துவிடலாம். நெய், பால்கோவா போன்ற பால் பொருட்களும் பச்சைக் கறிவேப்பிலையும் எடுத்துப் போகாதீர்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி முன்னது பயணிகளுக்குத் தடை, பின்னதற்குத் தாவரச் சுகாதாரச் சான்று வேண்டும். கறிவேப்பிலையைக் காயவைத்துப் பொடித்துக் கொள்ளலாம். நம்ம அம்பாசமுத்திரத்து ரகமான அம்பை 16 அரிசியை அங்கே தேடி அலைய வேண்டாம். ஆனால் மியூனிக் மெயின் ஸ்டேஷனுக்குத் தெற்கே கோதே தெரு, லாண்ட்வேர் தெருப் பக்கத்துக் கடைகளில் பருப்பு, மசாலா, தேங்காய்ப் பால் எல்லாம் கிடைக்கும்.

என் முடிவு: மூன்று மாதம், ஆறு மாதம் போகிறவர்கள், விடுதியில் இண்டக்ஷன் இல்லை என்றால், இந்தக் குக்கரைக் கொண்டு போக வேண்டாம். அங்கேயே சின்ன மின் ரைஸ் குக்கர் வாங்கி, கால் மணி நேரத்தில் திறந்த பாத்திரத்தில் வேகும் மைசூர்ப் பருப்பை வைத்துச் சமாளித்துவிடலாம். அதில் உளுந்தஞ்சோறு இந்தப் பதத்துக்கு வராது என்பது தெரிந்தேதான் சொல்கிறேன். ஒரு வருடத்துக்கு மேல் தங்குகிறவர்கள் யோசிக்காமல் தூக்கிக்கொண்டு போங்கள். கூடவே அதே மாடலுக்கான கேஸ்கெட் இரண்டு, சேஃப்டி வால்வு ஒன்று, விசில் ஒன்று. வாங்குகிற கடையிலேயே மூடியில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள், லிட்டர் ஒன்றாக இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். கழுவினதும் கேஸ்கெட்டை மூடியில் விடாமல் தனியே மாட்டி வையுங்கள். தளர்ந்து ஓரத்தில் ஆவி கசிந்தால் பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்துப் போடுங்கள், கொஞ்ச நாள் சமாளிக்கும். அதற்குள் புதியதை மாற்றிவிட வேண்டும்.