ஐந்து ரூபாயை 1,500 ரூபாய்க்கு வாங்கி ஏமாந்தேன்: பிழை நாணயம் வாங்குபவர்கள் கவனிக்கவும்

போன மாதம் பாரிமுனை நடைபாதையில் பழைய நாணயம் விற்பவர் ஒருவரிடம் ஏமாந்தேன். நாணயம் அடித்ததாலேயே பெயர் பெற்ற தங்கசாலைத் தெருவுக்கு அருகிலேயே இது நடந்ததில் எனக்கு ஆற்றாமை அதிகம்.

அவர் காட்டியது பழைய, கனத்த ஐந்து ரூபாய். செப்பு நிக்கல் நாணயம். ஓரத்தில் பிறை போல ஒரு வெட்டு. “சார், நாணயச் சாலையிலேயே இப்படி வந்துவிட்டது. லட்சத்தில் ஒன்று” என்றார். நான் தயங்கியதும் சின்னத் தராசில் வைத்தார். 9 கிராம் இருக்க வேண்டியது 8.3 காட்டியது. “எடையே குறைகிறது, இன்னும் என்ன சான்று வேண்டும்?” அங்கேதான் விழுந்தேன். அரத்தால் ராவினாலும் எடை குறையும் என்பது அப்போது உறைக்கவில்லை.

வெகுகாலமாக நாணயம் சேகரிக்கும் பெரியவர் ஒருவர் லென்ஸில் பார்த்ததுமே, “தம்பி, வெட்டுக்கு நேர் எதிர் விளிம்பைப் பாருங்கள்” என்றார். அது முழு உயரத்தில் திடமாக நின்றது.

பூரி மாவைத் தேய்த்து டம்ளர் வாயால் வெட்டும்போது, முன்பு வெட்டிய ஓட்டையின்மேல் டம்ளர் ஏறினால் பிறை விழும் அல்லவா? உலோகத் தகட்டில் நாணயத்துக்கான வில்லை வெட்டும்போதும் அப்படித்தான். அந்தக் குறையுள்ள வில்லைக்கு விளிம்பு எழுப்பும்போது, வெட்டுள்ள இடத்தில் அழுத்தம் கிடைக்காது. அதனால் எதிர்ப்பக்க விளிம்பும் பெரும்பாலும் மங்கித் தேய்ந்ததுபோல் இருக்கும். வெட்டை ஒட்டிய எழுத்துகளும் இழுபட்டு மழுங்கியிருக்கும். என் நாணயத்திலோ எழுத்து கத்தியால் அரிந்ததுபோல் நின்றது. வெட்டின் உள்முகத்தில் அரத்தின் கோடுகள் வேறு.

அன்று அந்தக் கடைக்காரர் கூடவே, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய உருவம் பள்ளமாகப் பதிந்த இரண்டு ரூபாயையும் நீட்டினார். நல்லவேளை, வாங்கவில்லை. இரண்டு நாணயங்களைச் சேர்த்துப் பட்டறை இடுக்கியில் நெரித்தாலே அப்படிப் பதியும். அடியில் பழைய உருவம் நசுங்கிக் கிடக்கும். பிழை நாணயம் என்று காட்டுவதில் கோடு தெரிந்தால் நகத்தால் தடவுங்கள்: நாணயம் அடிக்கும் அச்சில் விழுந்த விரிசலால் வந்த கோடு மேடாக இருக்கும், கீறல் பள்ளமாக இருக்கும்.

பணம் திரும்பவில்லை. “விற்றது விற்றதுதான்” என்றுவிட்டார். சென்ற ஞாயிறு அதே கடையில் அதே மாதிரி வெட்டு நாணயம் ஒன்றைப் பள்ளி மாணவன் ஒருவன் விலை கேட்டுக்கொண்டிருந்தான். என் பையிலிருந்த, வெட்டில்லாத அதே வகை ஐந்து ரூபாயைக் கொடுத்து, அந்த வளைவில் பொருத்திப் பார்க்கச் சொன்னேன். அசல் வெட்டென்றால் அதே டம்ளர் வாய் வெட்டியதுபோல, நாணயத்தின் வளைவோடு ஏறக்குறையப் பொருந்த வேண்டும். வளைவு குறுகலாக இருந்தது, நாணயம் உட்காரவில்லை. அவன் அதைக் கீழே வைத்துவிட்டான்.